யுத்தத்துக்கு உங்கள் சம்மதம்: தமிழகப் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு ஒரு திறந்த மடல்

புது டில்லி

லோக் சபையிலும் ராஜ்ய சபையிலும் தமிழகத்தின் பிரதிநிதிகளாக வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அங்கத்தினர்களுக்கு,

லோக் சபைக்கு 39 பேரும் ராஜ்ய சபைக்கு 18 பேருமாகத் தமிழகம் 57 பேரைத் தேர்ந்தெடுத்து இந்தத் தலைநகருக்கு அனுப்பிவைத்திருக்கிறது. ரயில் நிறுத்தம் வேண்டுமென்றும், மேம்பாலம் வேண்டுமென்றும், காவிரியில் நமக்குரிய தண்ணீர் வேண்டுமென்றும் நாள்தோறும் உங்கள் வாசலுக்கு விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன என்பதை, பல காலமாக இந்நகரில் வசிக்கும் நான் அறிவேன். ஆனால் எந்த விண்ணப்பதாரனும் உங்களிடம் கொண்டுவராத விஷயம் ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இம்மடலை எழுதத் துணிந்தேன். இந்நாட்டின் துருப்புகளை யுத்தத்துக்கு அனுப்புவது என்ற தீர்மானத்தில், ஜனங்களின் வாக்கைப் பெற்று வந்திருக்கும் உங்களுக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதே அவ்விஷயம். இன்றைய சட்ட நிலைப்படி, உங்களைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

நமது அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 15-ஆம் இனமாக யுத்தமும் சமாதானமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் பார்லிமெண்டுக்கே உரியது. 53-ஆம் ஷரத்து, முப்படைகளின் தலைமை அதிகாரத்தை ஜனாதிபதியிடம் ஒப்படைத்து, அந்த அதிகாரம் செலுத்தப்படும் முறை சட்டத்தினால் ஒழுங்கு செய்யப்பட வேண்டுமென்று அதே மூச்சில் கூறுகிறது. ஜனாதிபதியோ மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்கக் கடமைப்பட்டவர். ஆகவே நடைமுறையில், பிரதம மந்திரியும் அவரோடு பாதுகாப்புக்கான மந்திரிசபைக் குழுவில் அமர்ந்திருக்கும் நாலைந்து மந்திரிகளும் கூடி முடிவு செய்தால், அன்றிரவே விமானங்கள் எல்லையைத் தாண்டலாம். அவர்கள் எப்பொழுது, எந்த நிபந்தனையின் பேரில், எத்தனை நாளுக்குள் உங்களிடம் வந்து சம்மதம் கோர வேண்டும் என்பதைச் சொல்லும் சட்டம் குடியரசு பிறந்த 1950 முதல் இன்று வரை இயற்றப்படவில்லை. அதிகாரம் உங்கள் கைக்குள் வைக்கப்பட்டிருந்தும், உங்களுக்கு முன்பிருந்தவர்களும் நீங்களும் அதைத் திறந்து பார்க்காமலே இருந்துவிட்டீர்கள்.

இதே அரசியல் சட்டம் வேறொரு சந்தர்ப்பத்தில் எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துகொள்கிறது என்று பாருங்கள். யுத்தத்தின் காரணமாகவோ அந்நிய ஆக்கிரமிப்பின் காரணமாகவோ நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ய வேண்டுமானால், 352-ஆம் ஷரத்தின்படி, மந்திரிசபையின் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு சபைகளும் அதனை ஏற்க வேண்டும். மொத்த அங்கத்தினரில் பெரும்பான்மையினரும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். 1962-இல் சீன யுத்தத்துக்காகப் பிரகடனம் செய்யப்பட்ட நெருக்கடி, யுத்தம் ஒரே மாதத்தில் ஓய்ந்த பின்னும் 1968 வரை நீடித்ததையும், 1971-இல் பிறந்த நெருக்கடி 1977 வரை உயிரோடிருந்ததையும் அனுபவித்த தேசம், 1978-இல் 44-ஆவது திருத்தத்தின் மூலம் இந்தக் காவல்களை இறுக்கிக்கொண்டது. பிரஜையின் உரிமையை நிறுத்திவைக்க மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். அவன் மகனைப் போர்முனைக்கு அனுப்ப ஒரு வாக்குக்கூட வேண்டியதில்லை. இந்த முரண்பாட்டுக்கு நியாயம் கற்பிக்க என்னால் இயலவில்லை.

சரித்திரம் இவ்விஷயத்தில் நம்மைப் பார்த்து நகைக்கவே செய்யும். 1858-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்த ஆட்சியை பிரிட்டிஷ் ராணியின் கைக்கு மாற்றிய அந்தச் சட்டம், தனது 55-ஆம் பிரிவில், படையெடுப்பைத் தடுப்பது போன்ற திடீர் அவசரம் நீங்கலாக, இந்திய எல்லைக்கு அப்பால் நடத்தும் எந்த ராணுவ நடவடிக்கைக்கும் பார்லிமெண்டின் இரு சபைகளும் சம்மதித்தாலன்றி இந்திய வருவாயைச் செலவிடலாகாது என்று விதித்திருந்தது. அந்தப் பார்லிமெண்டு லண்டனில் இருந்தது. அதில் நமக்கு ஒரு குரலும் இல்லை. ஆயினும், 1878-இல் ஆப்கானிய யுத்தம் மூண்டபோது, செலவுக்காக அச்சபைகளிடம் போய் நின்று சம்மதம் கோர வேண்டிய அவசியம் அன்றைய ஏகாதிபத்திய மந்திரிகளுக்கே இருந்தது.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு என்ற ஒரே ஒரு மனிதர், மத்திய சட்டசபையையும் மாகாண மந்திரிசபைகளையும் ஒரு வார்த்தை கேளாமல், இந்தியா யுத்தத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதற்கு முந்திய மாதமே, சட்டசபையின் சம்மதமின்றி இந்தியத் துருப்புகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதைக் கண்டித்து, தீரர் சத்தியமூர்த்தி உபதலைவராக விளங்கிய மத்திய சட்டசபைக் காங்கிரஸ் கட்சி அடுத்த கூட்டத்துக்குச் செல்லலாகாது என்று காங்கிரஸ் காரியக் கமிட்டி கட்டளையிட்டிருந்தது. அக்டோபர் இறுதியில் சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபையும், தொடர்ந்து மற்ற மாகாணங்களின் காங்கிரஸ் மந்திரிசபைகளும் பதவியைத் துறந்தன. எங்களைக் கேளாமல் எங்களை யுத்தத்தில் இழுப்பதற்கு நீ யார் என்பதே அன்று அவர்கள் எழுப்பிய கேள்வி. கேள்வியை எழுப்பியவர்களே பின்னர் ஆட்சியில் அமர்ந்தார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த எல்லாக் கட்சியினரும் அந்த வைஸ்ராயின் தனியதிகாரத்தை மந்திரிசபையின் பெயரால் பத்திரமாகப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள்.

சபையை மதித்த தலைவர்கள் நம்மிடையே இருந்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் தாக்கியபோது, வாஜ்பாயி போன்ற எதிர்க்கட்சியினர் பார்லிமெண்டைக் கூட்டும்படி வற்புறுத்த, பண்டித நேரு குளிர்காலக் கூட்டத்தை முன்கூட்டியே நவம்பர் 8-ஆம் தேதி கூட்டினார். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனை எழுந்தபோது அதனையும் நிராகரித்தார். எல்லையில் படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், தமது மந்திரிசபையின் தவறுகளை நூற்றுக்கும் மேற்பட்ட அங்கத்தினர்கள் எடுத்துரைக்கக் கேட்டுக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். 1971-இலோ, யுத்தம் மூளுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 31-ஆம் தேதி, கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவாக இந்திரா காந்தி கொண்டுவந்த தீர்மானத்தைப் பார்லிமெண்டு ஒருமனதாக நிறைவேற்றியது. டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானிய விமானங்கள் குண்டு வீசிய மறுநாளே நெருக்கடிப் பிரகடனத்தைச் சபைகள் ஏற்றன. வங்க தேசத்தை அங்கீகரித்த செய்தியும், டாக்கா வீழ்ந்த செய்தியும் முதலில் சபையில்தான் ஒலித்தன. ஆனால் இவையெல்லாம் அந்தந்தத் தலைவரின் மனப்பாங்கினால் நிகழ்ந்தவையேயன்றி, அவர்களைக் கட்டுப்படுத்திய விதி ஒன்றினால் நிகழ்ந்தவை அல்ல. நல்ல மனம் படைத்தவர் நாற்காலியில் இருக்கும் வரையில் நிலைக்கும் வழக்கத்தை உரிமை என்று சொல்ல முடியுமா?

அந்த வழக்கம் கைவிடப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை வேறு எந்த மாநிலத்தின் பிரதிநிதிகளைக் காட்டிலும் நீங்களே நன்கு அறிவீர்கள். 1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பு நகரில் பிரதம மந்திரி ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேயும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மோதலை நிறுத்துவதை உறுதிப்படுத்த, தேவைப்பட்டால், இந்திய அமைதி காக்கும் படை ஒன்றை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம் என்று அதன் இணைப்பில் ஒரு சிறு வாசகம் இருந்தது. மறுநாளே யாழ்ப்பாணத்தில் நம் துருப்புகள் இறங்கின. செப்டம்பர் 26-ஆம் தேதி விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த திலீபன் உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தான். அக்டோபர் 5-ஆம் தேதி பலாலியில் காவலிலிருந்த புலிகள் நஞ்சருந்தி மாண்டனர். அக்டோபர் 10-ஆம் தேதி, அமைதி காக்கச் சென்ற படை புலிகள்மீது போர் தொடுத்த படையாயிற்று. கையெழுத்திடுவது, படையை இறக்குவது, போர் தொடுப்பது என்ற இம்மூன்று தீர்மானங்களும் எழுபத்து மூன்று நாட்களுக்குள் எடுக்கப்பட்டன; மூன்றில் ஒன்றுகூட பார்லிமெண்டின் முன்சம்மதத்துக்கு வைக்கப்படவில்லை.

அக்டோபர் 11-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். அக்டோபர் 21-ஆம் தேதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையில் புகுந்த இந்தியத் துருப்புகளின் துப்பாக்கிகளுக்கு மருத்துவர்களும் தாதியரும் படுக்கையில் கிடந்த நோயாளிகளும் இரையானார்கள். 1989-இல் இலங்கையின் புதிய ஜனாதிபதி பிரேமதாசா இப்படையை வெளியேறும்படி பகிரங்கமாகவே கோரினார். ஒரு ஜனாதிபதி அழைக்க உள்ளே சென்ற படை, அடுத்த ஜனாதிபதி போகச் சொல்லியும் நின்றது. டில்லியில் ஆட்சி மாறி, 1990 மார்ச் 24-ஆம் தேதி கடைசித் துருப்புகள் திருகோணமலையிலிருந்து கப்பலேறியபோது, ஏறத்தாழ 1,200 வீரர்களை நாம் இழந்திருந்தோம். திரும்பி வந்தவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. அது சரியா தவறா என்ற வாதத்தை விடுங்கள். எவருடைய சம்மதத்துடன் அனுப்பப்பட்டார்களோ தெரியாத சிப்பாய்கள், தமிழக முதல்வரின் வரவேற்பு இன்றித் திரும்பினார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

சபை முடிந்து ஒரு மாலை நேரம் கிடைக்குமானால், இந்தியா கேட்டை அடுத்து 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்துக்குத் தாங்கள் சென்று வர வேண்டும். வட்ட வட்டமாக எழுப்பிய சுவர்களின் கருங்கல்லில், பெயரும் படைப்பிரிவுமாகப் பொன்னெழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன; அச்சுவர்களில் இலங்கையில் மாண்டவர்களும் இருக்கிறார்கள். அருகிலுள்ள பரம் யோத்தா ஸ்தலத்தில், பரம வீர சக்கரம் பெற்ற 21 பேரின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25-ஆம் தேதி, மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்திவிட்டு உயிர்நீத்தவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அந்த வீரர், தமிழர் வாழும் மண்ணில், தமிழனோடு பொருது மாண்டார். அந்த முகத்தின் முன் நின்று, எந்த லட்சியத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு, எத்தனை பேரை அனுப்பினோம் என்ற கேள்விகளுக்கு அக்காலத்துப் பார்லிமெண்டு நடவடிக்கைக் குறிப்புகளில் முன்கூட்டிய பதில் உண்டா என்று தாங்கள் சிந்திக்க வேண்டும்.

அன்று லோக் சபையில் ஆளுங்கட்சிக்கு நானூறுக்கு மேற்பட்ட ஸ்தானங்கள் இருந்தனவே, வாக்கெடுத்திருந்தாலும் அனுமதி கிடைத்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்திருக்கும், சந்தேகமில்லை. சபையின் சம்மதத்தின் பயன் யுத்தத்தைத் தடுப்பதில் மட்டும் அடங்கியதன்று. சம்மதம் கோரி வரும் மந்திரி, தம் நோக்கத்தை வாக்கியமாக்கி மேஜை மீது வைக்க வேண்டியிருக்கும். அமைதி காக்கச் செல்லும் படை ஆயுதத்தைப் பறிக்கவும் செல்கிறதா, எதிர்ப்பு வந்தால் என்ன செய்யும், எப்பொழுது திரும்பும் என்று எழுந்து கேட்கும் ஓர் அங்கத்தினருக்காவது விடை கூற வேண்டியிருக்கும். ஜூலையில் சொன்ன நோக்கம் அக்டோபரில் மாறியபோது, மாறியது என்பதை ஒப்புக்கொண்டு மறுபடியும் வர வேண்டியிருக்கும். சொல்லப்படாத நோக்கம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீளும். சபையில் சொல்லிவிட்ட நோக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு.

பிந்திய உதாரணங்களும் இதையே உணர்த்துகின்றன. 1999 ஏப்ரலில், தமிழகத்துக் கட்சி ஒன்று ஆதரவை விலக்கிக்கொண்டதன் விளைவாக வாஜ்பாயியின் மந்திரிசபை ஒரே வாக்கில் கவிழ்ந்து லோக் சபை கலைக்கப்பட்டிருந்தது. கார்கில் யுத்தம் மே முதல் ஜூலை வரை ஒரு காபந்து மந்திரிசபையினால் நடத்தப்பட்டது. கலைக்கவே முடியாத ராஜ்ய சபையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் அது கூட்டப்படவில்லை. 1962-இல் சபையைக் கூட்டச் சொன்னவரே பிரதம மந்திரியாக இருந்தபோது நிகழ்ந்தது இது. 2025 மே 7-ஆம் தேதி தொடங்கி 10-ஆம் தேதி ஓய்ந்த, பாகிஸ்தானுக்கு எதிரான சிந்தூர் நடவடிக்கையின்போது சர்வ கட்சிக் கூட்டம் நடந்தது. விசேஷக் கூட்டத்தொடருக்கான கோரிக்கை ஏற்கப்படாமல், லோக் சபையில் விவாதம் ஜூலை 28-ஆம் தேதிதான் தொடங்கியது. சர்வ கட்சிக் கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பு இல்லை, வாக்கு இல்லை, கேள்வி கேட்டவர் பெயரும் பதிவதில்லை. அது ஒரு மரியாதை. சபையின் அதிகாரத்துக்கு அது ஈடாகாது.

ரகசியமும் வேகமும் தேவைப்படும் காரியத்தில் எழுநூற்றுச் சொச்சம் பேரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது முதல் ஆட்சேபம். எதிரி குண்டு வீசும்போது திருப்பித் தாக்கச் சபை கூடக் காத்திருக்க வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. 1858-ஆம் வருஷத்துச் சட்டமே அதற்கு விலக்களித்தது. ரகசியத்துக்கோ, சபையை ரகசியமாகக் கூட்டி நடத்தும் முறை லோக் சபையின் விதிகளில் 248 முதல் 252 வரை எழுதப்பட்டே இருக்கிறது.

மந்திரிசபை சபைக்குக் கூட்டுப் பொறுப்புடையது, பணத்தையும் சபைதான் ஒதுக்குகிறது, ஆகவே தனிச் சட்டம் எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். பண ஒதுக்கீடு நடக்கும் லட்சணத்தை நீங்களே கண்டிருக்கிறீர்கள். 2018 மார்ச் 14-ஆம் தேதி, சபையின் நடுவே கோஷங்களும் பதாகைகளும் நிறைந்திருக்க, எல்லா இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளும், அவற்றோடு ராணுவத்தின் கோரிக்கையும், கில்லட்டின் என்ற முறையில் ஒரே வீச்சில், விவாதமின்றிக் குரல் வாக்கினால் நிறைவேறின. அன்றைய கூட்டத்தொடரில் காவிரி மேலாண்மை வாரியத்துக்காக நம்மவர்களும் சபையின் நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். காவிரிக்காக நின்றது குற்றமன்று. ஆனால் பணப்பையின் வாயை இறுக்கும் அதிகாரம் என்று புத்தகங்கள் புகழும் அதிகாரம், நடைமுறையில் சில நிமிஷங்களில் கரைந்துவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. கூட்டுப் பொறுப்போ, சிதை எரிந்த பின் கணக்குக் கேட்கும் உரிமை.

யுத்தம் மன்னரின் தனியுரிமை என்ற மரபை நாம் எவரிடமிருந்து பெற்றோமோ, அந்த பிரிட்டனிலேயே 2013 ஆகஸ்டு 29-ஆம் தேதி சிரியாவின் மீது ராணுவ நடவடிக்கை எடுப்பதற்கான தீர்மானம் 272-க்கு 285 என்ற வாக்கில் தோற்றது. பிரதம மந்திரி காமரூன் அம்முடிவுக்குத் தலைவணங்கினார், ராஜ்யம் கவிழ்ந்துவிடவில்லை. ஜெர்மனியில், படைகளை ஆயுதத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்லிமெண்டின் சம்மதம் அவசியமென்று 1994-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் நிக்ஸனின் மறுப்பாணையையும் மீறி 1973-இல் யுத்த அதிகாரங்கள் குறித்த தீர்மானம் சட்டமாயிற்று. ஆயினும் பின் வந்த ஜனாதிபதிகள் அதைச் சுற்றிச் செல்ல வழி கண்டார்கள். சட்டம் மாத்திரம் போதாது, அதைப் பிரயோகிக்க நெஞ்சுரம் படைத்த அங்கத்தினர்களும் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்.

யுத்தகாலத்தில் கேள்வி கேட்பது தேசபக்திக்கு விரோதம் என்று மிரட்டப்படுவீர்கள். முடியாட்சி நிலவிய சங்க காலத்திலேயே, உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் நடுவே கோவூர்கிழார் என்ற புலவர் சென்று நின்று, எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று இடித்துரைத்ததைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது. வாக்குரிமை பெற்ற பிரஜைகளின் பிரதிநிதிகளுக்கு அந்தப் புலவருக்கிருந்த துணிவு மிகையாகாது.

நான் கோருவது சிறிய சட்டம் ஒன்றே. எல்லைக்கு அப்பால் துருப்புகளைப் போருக்கோ அமைதி காக்கவோ அனுப்புமுன், நோக்கம், அளவு, காலவரை ஆகியவற்றைக் கூறும் தீர்மானத்துக்கு இரு சபைகளின் சம்மதம் பெற வேண்டும். திடீர்த் தாக்குதலை எதிர்க்க மந்திரிசபை உடனே செயற்படலாம். ஆனால் பதினான்கு நாட்களுக்குள் சபைகளைக் கூட்டி ஒப்புதல் கோர வேண்டும். லோக் சபை கலைந்திருந்தால், 352-ஆம் ஷரத்தில் உள்ளது போலவே, ராஜ்ய சபையின் ஒப்புதலைப் பெற்று, புதிய லோக் சபை கூடியதும் அதன் முன் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்மதம் புதுப்பிக்கப்பட வேண்டும். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 53-ஆம் ஷரத்தும் 15-ஆம் இனமும் போதும். இவ்வாக்கெடுப்பில் கொறடா உத்தரவு பிறப்பிப்பதில்லை என்று கட்சிகள் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தனி அங்கத்தினரின் மசோதா எந்தக் காலத்தில் நிறைவேறியது என்று நீங்கள் அலுத்துக்கொள்ளலாம். 2015 ஏப்ரல் 24-ஆம் தேதி, திருநங்கையர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனி மசோதாவை ராஜ்ய சபை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாக அச்சபையில் நிகழாதது அன்று ஒரு தமிழக அங்கத்தினரின் முயற்சியால் நிகழ்ந்தது. அம்மசோதா சட்டமாகாவிட்டாலும், சர்க்கார் தானே ஒரு சட்டம் கொண்டுவர அது வழிகோலிற்று. யுத்தத்தின் பொருட்டும் அத்தகைய மசோதா ஒன்றை உங்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தொடரின் ஒரு வெள்ளிக்கிழமையில் கொண்டுவர வேண்டும். அது எந்தக் கட்சியின் கையிலிருந்து வந்தாலும், மற்ற 56 பேரும் அதன் பின்னால் நிற்க வேண்டும். இலங்கை விஷயத்தில் 1987-இல் கேட்கப்படாமற்போன கேள்வியின் விலையை அதிகமாகக் கொடுத்தது நம் இனம். அதை இனியாவது முன்கூட்டிக் கேட்கும் கடமை முதலில் உங்களுடையது.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
டில்லித் தமிழன் ஒருவன்